நரையும் திரையும் வயதின் சான்றாகுமா?

நரை, திரை, மூப்பு என மூன்று சொற்களை வரிசையாக அடுக்கிச் சொல்வது தமிழ் வழக்கு. மயிர் வெளுத்தல் நரை. தோல் சுருங்கி அலைபோல் மடிதல் திரை. ஆண்டு முதிர்தல் மூப்பு. மூன்றும் ஒன்றேயாயின் ஒரு சொல்லே போதுமானது. நரையும் திரையும் மூப்பின் அடையாளங்களாக வரலாம். அவையே மூப்பாகிவிடா என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்ததனால்தான் மூன்றையும் தனித்தனியே பெயரிட்டு வைத்தனர் எனக் கொள்ளலாம். இத்தெளிவை இன்றைய அலுவலக மேசைகளும் கருவிகளும் அழகுப்பொருள் விளம்பரங்களும் மறந்து வருகின்றன. மேனியைப் பார்த்து வயதைத் தீர்மானிப்பதும், அத்தீர்மானத்தைக் கொண்டு ஒருவரின் உதவித்தொகையையும் உணவுப்பொருளையும் நிறுத்துவதும் முறையாகாது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது.

இலக்கியமும் மார்க்கமும்

நரையை வயதின் முத்திரையாகக் கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. வழக்குத் தீர்க்க வந்த முதியோர் இருவர், அரியணையில் இருந்த கரிகாற் சோழனின் இளமையைக் கண்டு ஐயுற்றனர். அவன் நரைமுடி புனைந்து முதியவனாகத் தோன்றி முறை வழங்கினான் என்பது பழமொழி நானூறு குறிக்கும் செய்தி. அன்று தீர்ப்பு வழங்கியது அவனது அறிவு. முதியோரை நம்பவைத்ததோ ஒட்டிய முடி. தோற்றம் எத்துணை எளிதில் சான்றாக ஏற்கப்படுகிறது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டா.

இதற்கு நேர்மாறானது பிசிராந்தையார் வரலாறு. கோப்பெருஞ்சோழனின் நண்பரான அப்புலவர் ஆண்டால் மூத்தவர்; ஆயினும் நரை காணாதவர். இது எங்ஙனம் என வியந்து வினவியோர்க்கு, மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், நெறி தவறாத வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் என அவர் காரணங்களை அடுக்கினார். புறநானூற்றின் 191ஆம் பாடல் கூறும் விடை இது. தாம் உண்ட மருந்தையோ பூசிய எண்ணெயையோ அவர் காரணமாகச் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. தம் தலைமயிரின் நிறத்துக்கு வீட்டையும் நாட்டையும் காரணமாகக் காட்டினார்.

இசுலாமிய மரபிலும் இதனையொத்த செய்திகள் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களின் தலையிலும் தாடியிலுமாக இருபது நரைமுடிகள்கூட இல்லை என்று, பணிவிடை செய்து உடனிருந்த அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. அப்போது அண்ணலாரின் அகவை 63. வாழ்நாள் முழுதும் வணிகம், நாடு துறத்தல், போர், பஞ்சம் அனைத்தையும் கண்ட ஒருவரின் தலையில் நரை இருபதைத் தொடவில்லை. மக்கா வெற்றியின்போது கொண்டுவரப்பட்ட அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூ குஹாஃபாவோ தலையும் தாடியும் முற்ற வெளுத்திருந்தார். இவ்விரு நிலைகளுக்கும் மார்க்கத்தில் மதிப்பு ஒன்றே. நரைத்த முதியவரைக் கண்ணியப்படுத்துவது இறைவனைக் கண்ணியப்படுத்துவதன் ஒரு பகுதி என்பது நபிமொழியின் கருத்து. நரை அங்கே மரியாதைக்கு உரியதாக வருகிறதேயன்றி, வயதை நிறுவும் பத்திரமாக வரவில்லை.

அளவைகளும் அவற்றின் எல்லையும்

இனி, அறிவியல் இவ்வடையாளங்களை எவ்வாறு அளக்கிறது எனக் காண்போம். புறங்கையின் தோலைக் கிள்ளிவிட்டு, அது மீண்டும் படியும் வேகத்தைப் பார்ப்பது பாட்டிமார் அறிந்த சோதனை. ஜெர்மனியில் உருவான ‘கியூட்டோமீட்டர்’ என்னும் கருவி இதையே நுட்பமாகச் செய்கிறது. காற்றை உறிஞ்சித் தோலைச் சிறிது மேலே இழுத்து, அது எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு திரும்பியது என்பதை ஒளியின் துணைகொண்டு அளக்கிறது. முகச் சுருக்கங்களைத் தரம் பிரிக்க அமெரிக்கத் தோல் மருத்துவர் குளோகாவ் நான்கு படிகளை வகுத்தார். சுருக்கமின்மை முதற்படி, முகம் அசையும்போது மட்டும் சுருக்கம் தெரிதல் இரண்டாம்படி, அசையாதபோதும் தெரிதல் மூன்றாம்படி, முகமெங்கும் சுருக்கமே நிறைதல் நான்காம்படி. மயிரை அளப்பதற்கும் முறை உண்டு. தலையில் சிறு பகுதியை மழித்துப் படமெடுத்து, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் படமெடுத்து, வளர்ந்தவை எத்தனை, வளராதவை எத்தனை என எண்ணுவர்.

கருவிகள் அளப்பதில் பொய்யில்லை. அளந்த எண்ணை ஆண்டாக மாற்றும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. ஐம்பது வயதில் ஐம்பது விழுக்காட்டினர்க்கு ஐம்பது விழுக்காடு முடி நரைத்துவிடும் என்றொரு வாய்பாடு நெடுநாள் வழங்கியது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு இவ்வாய்பாட்டை உடைத்தது. ஐம்பது வயதில் பாதித் தலை நரைத்தோர் 6 முதல் 23 விழுக்காட்டினரே என அது கண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வழியினர்க்கு நரை குறைவாகவும் பிந்தியும் வருகிறது என்பதும் அதனால் தெரிந்தது. ஓரினத்தின் தலையை வைத்து வகுத்த கணக்கு மற்றோரினத்தின் தலைக்குப் பொருந்தவில்லை.

தோலின் நிலையும் இதுவே. கறுத்த மேனியில் மிகுந்துள்ள நிறமி வெயிலைத் தாங்கும் கேடயமாகிறது. ஆதலின் நம்மவர் மேனியில் வெயிலின் தாக்கம் சுருக்கமாக வெளிப்படுமுன் கரும்புள்ளியாகவும் நிறத்திட்டாகவும் வெளிப்படுவதே மிகுதி. வெள்ளைத் தோலின் சுருக்கத்தை எண்ணி வகுத்த படிகளைக் கொண்டு சேலத்துக் கறுப்புத் தோலை அளந்தால் கிடைக்கும் விடை எத்தகையதாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தசோகை, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, புகைப்பழக்கம் முதலியனவும் இளநரையோடு தொடர்புடையவை. 2021இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 பேரின் மயிரிழைகளை நுணுகி ஆராய்ந்தபோது, மனநெருக்கடி மிகுந்த காலத்தில் நிறம் இழந்த சில இழைகள், நெருக்கடி தணிந்தபின் மீண்டும் கறுத்திருந்தமை தெரியவந்தது. அது சிறிய ஆய்வுதான். ஆயினும் பிசிராந்தையார் சொன்ன விடையை நினைவூட்டும் ஆய்வு.

வெயில் எழுதும் கணக்கு

நம் பகுதிக்கே உரிய சான்று ஒன்றை இங்கு எண்ணிப் பார்க்கலாம். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலால் பெயர் பெற்றவை. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் நாடெங்கும் அறியப்பட்டது. இவ்வூர்களின் ஓட்டுநர்கள் கதவோரம் அமர்ந்து வாழ்நாளில் பாதியைக் கழிப்பவர்கள். 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் 69 வயது மனிதர் ஒருவரின் முகப்படம் வெளியாயிற்று. அவர் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அவரது வலக்கன்னம் ஓரளவு வழவழப்பாயிருக்க, இடக்கன்னமோ ஆழ்ந்த மடிப்புகளோடு பல்லாண்டு மூத்த ஒருவரின் கன்னம்போல் தொங்கியது. அந்நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடப்புறம். கதவுக் கண்ணாடி வெயிலின் புற ஊதாக் கதிர்களில் ஒரு வகையைத் தடுக்கும். தோலின் அடிவரை செல்லும் மற்றொரு வகையைத் தடுப்பதில்லை. அக்கதிர் தோலைத் தாங்கி நிற்கும் நார்ப்பொருள்களைச் சிதைக்கிறது.

அம்மனிதரின் இரு கன்னங்களும் ஒரே நாளில் பிறந்தவையல்லவா? ஒரு முகத்திலேயே இரண்டு வயதைக் காட்டும் தோலை, வயதுக்குச் சாட்சியாக எவ்வாறு ஏற்பது? நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம். நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்குப் பாரம் ஏற்றிச் செல்வோர்க்கு வெயில் விழுவது வலக்கன்னத்திலும் சாளரத்தில் ஊன்றிய வலக்கையிலும் ஆகும்.

ஓட்டுநர்க்குக் கண்ணாடியேனும் உண்டு. ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கங்களில் ஜவ்வரிசி ஆலைகளின் உலர்களங்களில் மரவள்ளி மாவையும் ஜவ்வரிசியையும் வெறும் வெயிலில் பரப்பிக் கிளறும் பெண்களுக்கு அதுவும் இல்லை. வெண்மையான களம் கீழிருந்தும் வெயிலை முகத்தில் எறிகிறது. செங்கற்சூளையில் உழைப்போர், கரும்பு வெட்டுவோர், கல்லுடைப்போர் நிலையும் அத்தகையதே. மாறாக, விசைத்தறிக்கூடத்தின் நிழலில் இரவும் பகலும் நிற்பவரின் முகம் வெயில் படாததால் இளமையாகத் தோன்றலாம். அவர் நுரையீரலும் செவியும் முதுமை எய்தியிருக்கலாம். தோலில் பதிவாவது தொழிலும் வெயிலும் உணவும் கவலையும் கலந்த கணக்கு. ஆண்டு அதில் ஓர் உருப்படி மட்டுமே.

வயதைத் தேடும் மேசை

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் 1962ஆம் ஆண்டிலிருந்து நடைபெறுகிறது. 60 வயது நிரம்பிய ஆதரவற்றோர்க்கு அது உரியது. 2023 ஆகஸ்டில் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. வசதியுடையோர்க்கு இது சிறு தொகை. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்கும் முதியோர்க்கு மானத்தைக் காக்கும் தொகை. இதனைப் பெற வயதை நிறுவ வேண்டும். இன்று அறுபதைக் கடந்தோர் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் (1969) வருமுன் பிறந்தவர்கள். சிற்றூரில் வீட்டிலேயே பிறந்து, பள்ளிப்படி ஏறாத பெண்களுக்கு ஏது சான்றிதழ்? பள்ளியில் சேர்ந்தவர்க்கும் வலக்கையைத் தலைமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என ஆசிரியர் எழுதிக்கொண்ட நாளே பிறந்தநாளாயிற்று. ஆதார் பதிவின்போது வயதை மட்டும் சொன்னவர்க்கு அந்த ஆண்டின் சனவரி முதல் நாள் பிறந்தநாளாக எழுதப்பட்டது. அவ்வயதும் எழுதியவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதாக இருத்தல் கூடும்.

அலுவலகம் ஒன்றில் நாம் கேட்ட உரையாடல் நினைவில் நிற்கிறது. களத்து வேலை செய்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் மேசைமுன் நின்றார். ஆதாரில் அவர் பிறந்த ஆண்டு 1972. அலுவலர் கடுஞ்சொல் பேசவில்லை, அவர் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “ஏம்மா, முடி இன்னும் கருகருன்னு இருக்குது, உனக்கு அறுபதுங்கிறியா?” என்றார். அம்மூதாட்டி, “முடி கறுப்பா இருந்தா வயசு கொறஞ்சு போயிருமுங்களா சாமி? இந்திராகாந்திய சுட்ட வருசம் எம்மூத்த பையன் பொறந்தானுங்க” என்றார்.

அம்மூதாட்டியின் விடையில் வழக்கறிஞர் வாதத்தினும் வலிய கணக்கு ஒன்று உள்ளது. இந்திரா காந்தி சுடப்பட்டது 1984இல். ஆதாரை நம்பினால் அவர் பன்னிரண்டாம் வயதில் தாயானார் எனக் கொள்ள வேண்டும். இருபதில் தாயானார் எனக் கொண்டால் பிறந்த ஆண்டு 1964; அறுபது நிரம்பியது 2024. மகனின் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் தாயின் வயதுக்கு மகனின் சான்றிதழைக் கேட்பார் இல்லை. தலையைப் பார்ப்பாரே உளர். தவறான அந்த எட்டு ஆண்டுகளின் விலை, மாதம் 1,200 ரூபாய் வீதம் 1,15,200 ரூபாய். களத்தில் காய்ந்த ஒருத்திக்குக் கறுத்த கூந்தல் இறைவன் அளித்த கொடை. அதுவே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று.

சட்டம் இதில் நம்மினும் தெளிவாக நடந்திருக்கிறது. இளஞ்சிறார் நீதிச் சட்டம் (2015) வயதை அறியப் பள்ளிச் சான்றினையும், அஃதில்லையேல் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றினையும் பார்க்கச் சொல்கிறது. இரண்டும் இல்லாதபோதே எலும்புச் சோதனை முதலிய மருத்துவ முறைக்குச் செல்கிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில், ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு உரிய சான்றாகாது எனக் கூறி, பள்ளி மாற்றுச் சான்றிதழின் வயதை ஏற்றது.

தேய்ந்த விரல்கள்

தோல் தரும் மற்றோர் இடர் விரல் நுனியில் உள்ளது. 2020 அக்டோபர் முதல் தமிழகத்து நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. மூப்பில் தோல் வறண்டு, ரேகையின் மேடுகள் தாழ்கின்றன. நூல் இழுத்த விரல், சாயத்தில் நனைந்த விரல், கொலுசுப் பட்டறையில் வெள்ளியை அராவிய விரல், செங்கல் அடுக்கிய விரல் ஆகியவற்றில் மூப்பு வருமுன்பே மேடுகள் தேய்ந்துவிடுகின்றன. கருவி ‘பொருந்தவில்லை’ என்கிறது. கடை வாசலில் நிற்கும் பெரியவர் விரலைச் சேலையிலோ வேட்டியிலோ துடைத்துத் துடைத்து மீண்டும் வைக்கிறார். தம்மீதே குற்றம் உள்ளதுபோல் கூசுகிறார். உழைத்ததற்கான சான்றே உரிமைக்குத் தடையாகும் காட்சி அது.

இதனை ஆள்வோரும் அறிவர். முதுமையாலும் கடும் உழைப்பாலும் ரேகை தேய்ந்தோர்க்காக முகவழி அடையாளம் கொண்டுவரப்படும் என ஆதார் ஆணையம் 2018 சனவரியில் அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பில், அடையாளம் பொருந்தாமையால் உரியவர் எவர்க்கும் பயன் மறுக்கப்படாது என்னும் அரசின் உறுதிமொழி பதிவாயிற்று. கருவிழி பார்க்கும் கருவிகளும் பின்னர்க் கடைகளுக்கு வந்தன. மாற்று வழி ஏட்டில் உள்ளது. அதைக் கேட்டுப் பெறலாம் என்பதை முதியோர்க்கு எடுத்துச் சொல்வார்தாம் குறைவு.

அளத்தல் எதற்கு?

‘ஏடு இல்லாதவர்க்கு உடலைத் தவிர வேறென்ன சான்று உண்டு? மருத்துவர் மதிப்பிடுவதையும் வேண்டாம் என்பீரோ?’ எனச் சிலர் வினவலாம். வினா நேர்மையானதே. எலும்புகள் முற்ற இணைந்துவிட்ட பின்னர் அவற்றைக் கொண்டு ஆண்டைத் துல்லியமாகச் சொல்லுதல் அரிது. ஐம்பத்தைந்தா அறுபதா என்பதை நரையும் திரையும் தீர்க்கமாட்டா. மருத்துவர் மதிப்பீட்டை வேறு சான்றுகளோடு சேர்த்து, ஐயத்தின் பயனை முதியவர்க்கே அளித்துக் கொள்ளுதல் தகும்.

மேனியை அளக்கவே கூடாது என்பதும் நம் கருத்தன்று. ஓட்டுநரின் வலக்கன்னத்துத் திட்டையும் களத்துப் பெண்ணின் நெற்றிக் கருமையையும் இருபது வயது மாணவியின் இளநரையையும் மருத்துவர் பார்க்கட்டும். வெயிலுக்குத் தலைமறைப்பும் இரத்தசோகைக்கு மருந்தும் அதனால் கிடைக்குமாயின் அவ்வளவை நல்லளவை. நலம் பேணுவதற்காக அளப்பது வேறு. வாசலில் நிறுத்துவதற்காக அளப்பது வேறு. முதிர்ச்சியை எண்ணிக் காட்டி அச்சுறுத்திப் பசை விற்கும் விளம்பரத்திற்கு இளைஞர் ஆட்படுவதும் இரண்டாவது வகையின் நிழலே. வெளுப்பாக்கும் என நம்பி மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு பசைகளைப் பூசித் தோலை மெலியச் செய்துகொள்வோர் பெருகியதனால்தான் 2018இல் நடுவணரசு அவற்றின் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது.

செய்யத்தக்கன

இக்கல்லூரியின் மாணவர்கள் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை கூட்டுவதோடு இன்னொரு பணியையும் மேற்கொள்ளலாம். ஊரிலுள்ள முதியோரிடம் அமர்ந்து அவர்களின் வயதை நிகழ்ச்சிகளோடு இணைத்து எழுதுக. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பர்; அறிஞர் அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி; எம்.ஜி.ஆர். முதன்முறை முதலமைச்சரானது 1977. ‘அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என ஒரு கேள்வி கேட்டால், எந்தக் கருவிக்கும் எட்டாத விடை வரும். மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றோடு அதனை இணைத்து விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம்.

ஜமாஅத் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிவாசல்களில் பழைய நிக்காஹ் பதிவேடுகள் உள்ளன. மணமக்களின் பெயர், தந்தை பெயர், மஹர் தொகை ஆகியவற்றோடு வயதும் எழுதப்பட்ட ஏடுகள் அவற்றுள் உண்டு. செல்லரிக்கும் முன் அவற்றைப் படியெடுத்துக் காப்பது, ஓர் ஊரின் முதியோர் அனைவர்க்கும் செய்யும் உதவியாகும். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் அத்தகையவையே. நரைமுடியை எண்ணி வைத்த தோழரின் சொல் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும் ஏட்டில் காக்கப்பட்டு நம்மை வந்தடைந்துள்ளது. அந்த மரபில் வந்த நாம், நம் தெருவில் வாழும் மூதாட்டியின் மணநாளை எழுதிய ஏட்டைக் கறையானுக்கு விடலாகாது.

அலுவலர்களாகப் போகும் மாணவர்க்கு இறுதியாக ஒன்று. நாளை உங்கள் மேசைமுன் ஒருவர் வந்து நிற்பார். அவர் தலை கறுத்திருக்கலாம், விரல் தேய்ந்திருக்கலாம், ஒரு கன்னம் மற்றொன்றினும் சுருங்கியிருக்கலாம். முதலில் அவரை அமரச் சொல்லுங்கள். பிறகு அவர் சொல்லும் கதையைக் கேளுங்கள். அதில் வயது இருக்கும்.